கதவு திறக்கும் வரை

கடலில் எவ்வளவு மீன் இருந்தாலும் சென்னை காசிமேட்டில் ஏலம் போவது கரையில் இறங்கிய கூடை மட்டும்தான். விசைப்படகிலிருந்து கூடை இறங்கும் வரை வியாபாரி காத்துத்தான் நிற்க வேண்டும். பழைய வீடியோ கேம்களில் திரை நடுவே ‘லோடிங்’ என்று வந்து நின்றதும் இதே கணக்குதான். டிஸ்க் என்பது கடல், மெமரி என்பது கரை. 1994இல் ஜப்பானில் வெளிவந்த சோனி பிளேஸ்டேஷனின் சிடியில் சுமார் 650 மெகாபைட் அடங்கும். அதன் முதன்மை மெமரியோ 2 மெகாபைட். சிடி டிரைவ் நொடிக்கு 300 கிலோபைட் படித்ததால், அந்தச் சின்னக் கரையை ஒருமுறை நிரப்பவே ஏறக்குறைய 7 நொடி பிடித்தது. தரவு டிஸ்க்கில் அங்கங்கே சிதறிக் கிடந்தால் லேசர் லென்ஸ் உள்ளும் வெளியும் நகர்ந்து தேட வேண்டும். கீறல் விழுந்த டிஸ்க் என்றால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரம் தனி. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2, டிவிடியை நொடிக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேலான வேகத்தில் படித்தது. ஆனால் மெமரியும் 32 மெகாபைட்டாக வளர்ந்துவிட்டதால் அதை நிரப்ப 6 நொடி ஆனது. வேகம் சுமார் 17 மடங்கு கூடியும் மிச்சமானது ஒரே நொடி. ஆகவே காத்திருப்புக்குக் காரணம் டிரைவின் மந்தம் மட்டுமல்ல. படிக்கும் வேகத்துக்கும் நிரப்ப வேண்டிய இடத்துக்கும் உள்ள விகிதமே காரணம்.

டிவியில் இணைத்து ஆடிய பழைய கேசட் கேம்களில் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். கேசட்டுக்குள் இருந்த சிப்பைப் பிராசஸர் நேரடியாகவே படித்தது, எதையும் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. அப்படியானால் கேசட்டையே வைத்துக்கொண்டிருக்கலாமே? நின்டெண்டோ அதைத்தான் செய்தது. 1996இல் வந்த நின்டெண்டோ 64 கேசட்டையே நம்பியது. ஆனால் அதன் மிகப் பெரிய கேசட்டிலும் 64 மெகாபைட்தான் அடங்கியது, சிப்பின் விலையும் அதிகம். 1997இல் 3 சிடிகளில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ அந்தக் கேசட்டில் அடங்கியிருக்காது. சிடியை அச்சடிக்கும் செலவோ மிகக் குறைவு. சென்னை பர்மா பஜாரில் கேம் டிஸ்க்குகள் அடுக்கி விற்கப்பட்டதற்கு அந்த மலிவும் ஒரு காரணம். பெரிய உலகத்தை மலிவாகக் கொடுக்க வேண்டும் என்றால் விலையை நேரமாகக் கட்ட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தை என்ன செய்வது என்பதில்தான் கைத்திறன் வெளிப்பட்டது. கேப்காமின் ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) ஆட்டத்தில் அறை மாறும்போதெல்லாம் கறுத்த திரையில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். பின்னால் அடுத்த அறை மெமரியில் ஏறிக்கொண்டிருக்கும், ஆடுபவருக்கோ உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம் ஏறும். நாம்கோவின் ‘ரிட்ஜ் ரேசர்’ ஏறும் நேரத்தில் ‘கேலக்ஸியன்’ என்ற குட்டி ஆட்டத்தைத் தந்தது. இதெல்லாம் வெறும் கண்கட்டு வித்தை, ஒரு நொடிகூடக் குறையவில்லை என்று ஆட்சேபிக்கலாம். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கேம் கடையில் உட்கார்ந்தவருக்கு அது நியாயமான ஆட்சேபம்தான். அதனால்தான் ‘ஜாக் அண்ட் டாக்ஸ்டர்’ (2001) ஒரு படி மேல். ஆடுபவர் நடக்கும்போதே முன்னால் உள்ள நிலத்தை அது டிஸ்க்கிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்தது. ஏற்றம் பிந்தினால் நாயகனைத் தடுக்கி விழவைத்து, அந்த இடைவெளியில் ஈடுகட்டியது.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 தன் 16 ஜிகாபைட் மெமரியைச் சுமார் 3 நொடியில் நிரப்பக்கூடியது. விகிதம் இப்போதுதான் உண்மையில் மாறியிருக்கிறது. ஏறும் நேரத்தில் குட்டி ஆட்டம் தரும் உத்திக்கு நாம்கோ வாங்கியிருந்த காப்புரிமை 2015இல் காலாவதியானது. அந்த உத்தி எல்லோருக்கும் பொதுவாகி ஐந்தே ஆண்டுகளில் அதற்குத் தேவையே அநேகமாக இல்லாமல் போனது.