துருவால் ஆன சடக்கு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோவைக் கடக்கிறவர்கள் ஓய்விடத்தில் கோப்பி குடிப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். சக்கரத்துக்கு அடியில் ஓடும் சடக்கு ஆசிய நெடுஞ்சாலை 2-இன் ஒரு துண்டு என்பது அநேகமாக யாருக்கும் நினைவில் வராது. பாலித் தீவின் டென்பசாரில் தொடங்கும் வழி அது. மலாக்காவைத் தாண்டி, தாய்லாந்து, மியன்மார் வழியாகப் போய், மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் இந்தியாவுக்குள் நுழைந்து, பாகிஸ்தானையும் கடந்து ஈரானின் மேற்கு எல்லையில் முடிகிறது. மோரேயில், பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் எழுப்பிய அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி, மலாக்காவில் வண்டியை முடுக்கினால் கடல் தாண்டாமலே அந்தக் கோயில் வாசலில் இறங்கலாம். எல்லைச் சாவடிகள் விடுமா என்பது வேறு கதை.

கூரையில் கூடாரமும் பின்னால் அடுப்பும் கட்டிக்கொண்டு, ஃபோர்வீல் வண்டியில் மாதக்கணக்கில் தரைவழியாகவே போகிறவர்களை ஆட்டுவிப்பது இந்தக் கணக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் 1955 செப்டம்பர் 1 அன்று இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூரை வந்தடைந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று 2019-இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு மறுபடியும் லண்டன் போய்ச் சேர்ந்தது. முதல் பயணத்தில் இருந்த ஒருவருடைய பேரன் அந்தக் குழுவில் இருந்தார். இப்படிப் போய் வந்தவர்களும் போகத் துடிப்பவர்களும் அவ்வப்போது ஓரிடத்தில் கூடாரமடித்துக் கூடுவார்கள். ஒருவர் வண்டியின் அடிவயிற்றை இன்னொருவர் குனிந்து பார்ப்பதுதான் அங்கே முக்கிய நிகழ்ச்சி.

வண்டி கட்டிக்கொண்டு போய்க் கூடுவது மலாக்காத் தமிழருக்குப் புதிதா என்ன? மாசி மகத்துக்கு, நகரத்தின் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகன் வெள்ளி இரதமேறி, செங் பகுதியிலுள்ள சன்னாசிமலைக்குப் போய் வருகிறார். சின்ன வயதில் நாங்கள் தோட்டத்து லோரியின் பின்னால் நின்றபடியே அங்கே போனோம். கூரைக் கூடாரம் இல்லை. புளிச்சோற்று மூட்டை இருந்தது.

நான் சொல்ல வந்தது கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றி.

ஆசாஹான் பக்கம், லெடாங் மலை நிழல் விழும் தூரத்தில், செம்பனைக் காட்டு ஓரமாக அப்படி ஒரு சின்னக் கூடல். நண்பரின் வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். வண்டி என்றால் சாதாரண வண்டியில்லை. மூக்கில் காற்றுக் குழாய், முன்னால் இழுவைச் சுருள், பக்கத்தில் மண்வெட்டி, கூரையில் விளக்கு வரிசை. முந்தின நாள் விடியலுக்கு முன் சுமத்ராக் காற்று அடித்து ஊற்றியிருந்தது. மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்குக் கரையில் விடிகாலையில் விழும் அந்தப் புயல்மழையை இங்கே சுமத்ரா என்றே சொல்வார்கள். தார் சடக்கை விட்டுச் செம்மண் சடக்கில் திரும்பி நூறு அடி போயிருப்போம். வண்டி முன்னே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. நண்பர் மிதித்தார். நான்கு சக்கரமும் சுற்றின. ஓரக் கால்வாயில் பின்பக்கம் இறங்கி நின்றது.

கொஞ்ச நேரத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டரில் ஒரு பெரியவர் வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, கால்வாயைப் பார்த்தார். மட்டை விழுந்து அடைத்திருந்தது. "தண்ணி போக வழியில்ல, அதான் சடக்கு மேலயே நிக்குது" என்றார். பிறகு டயரைக் காலால் தட்டிவிட்டு, "தம்பி, இவ்ளோ காத்து எதுக்கு? பாதி எறக்குங்க" என்றார். இழுவைச் சுருளைத் தொடவே தேவைப்படவில்லை.

அந்த இரண்டு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அன்றிரவு கூடாரத்தில் படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த மண். மலாக்காவுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. வருடம் முழுக்க வெயிலும் உண்டு. வெந்நீரில் ஊறப்போட்ட மாதிரி, பாறை இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஊறிக் கரைகிறது. சுண்ணம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் முதலில் கழுவிப் போய்விடும். சிலிக்காவும் மெல்ல மெல்லப் போகும். கரைந்து போக மனமில்லாமல் தங்குவது இரும்பும் அலுமினியமும். அந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்பு என்பது, நேராகச் சொன்னால், துரு. பழைய தகரக் கூரையில் இருக்கும் அதே குடும்பத்துச் சிவப்பு.

இரும்புக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. காற்றில்லாத தண்ணீரில் அது கரைந்து, நிறமே தெரியாமல் பயணம் செய்யும். காற்று பட்டதும் துருவாகி அங்கேயே உட்கார்ந்துவிடும். சில கிணறுகளில் இறைத்த தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் அரை மணி நேரம் நின்றால் மஞ்சளாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நிலத்தடி நீர்மட்டம் மழையில் ஏறி வெயிலில் இறங்கும்போதெல்லாம் மண்ணுக்குள் இந்த வாளி நாடகம் நடக்கிறது. ஏறும் நீரோடு இரும்பு நகர்கிறது, இறங்கும்போது துருவாகப் படிகிறது. படிந்த இடத்தில் மணிமணியாகச் சரளை உருவாகிறது; சில இடங்களில் முழுப் பாறையாகவே இறுகிவிடுகிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கம் இதைச் செம்புராங்கல் என்பார்கள்.

மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்வரை அது கத்திக்கு வழிவிடும். வெட்டியெடுத்துக் காற்றில் காயவிட்டால் கல்லாகிவிடும். பிறகு நனைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. இதைக் கண்டு வியந்தவர் பிரான்சிஸ் புக்கானன். சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபார் வரை 1800-இல் பயணம் போன மருத்துவர். ஆயுதத்தால் சதுரமாக வெட்டி அப்படியே சுவர் எழுப்புவதை அங்காடிப்புரத்தில் பார்த்தார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'லாட்டரைட்' என்று பெயர் வைத்து, 1807-இல் வெளியான தன் நூலில் எழுதினார். அவருடையதும் தரைவழி நெடும்பயணம்தான். வண்டிக்கு டயர் மட்டும் இல்லை.

அதே 1807-இல், இந்தப் பெயர் எதுவும் தெரியாமல், ஆங்கிலேயர் மலாக்காவில் லாட்டரைட்டை வெடிமருந்து வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டை அந்தச் சிவப்புக் கல்லால் ஆனது. அப்போது மலாக்காவில் சிறுவனாக இருந்தவர், தமிழ் வம்சமும் அரபு வம்சமும் கலந்த முன்ஷி அப்துல்லா. யானை அளவு கற்கள் பறந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். எஞ்சியது ஒரே ஒரு வாசல். இன்று சுற்றுலாப் பயணிகள் சாய்ந்து நின்று படம் எடுக்கும் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். துளைதுளையாக, சொரசொரவென்று, தோட்டத்துச் சடக்கின் சரளையை ஒட்டிவைத்தது போலிருக்கும். இரண்டும் ஒரே கூட்டுக் குடும்பம்.

மலேசிய மண்ணியலாளர்கள் பெயரிட்டிருக்கும் மண்வகைகளில் 'மலாக்கா தொடர்' என்றே ஒன்று உண்டு. மேலாகத் தோண்டினாலே சரளை கிடைக்கும் மண் அது. விவசாயத்துக்கு உயர்ந்த மண் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கித்தா மரம் அவ்வளவு கறார் பேர்வழியில்லை. மலாயாவில் வணிக நோக்கில் முதல் ரப்பர்த் தோட்டத்தை 1896-இல் டான் சாய் யான் போட்டது இந்த மாநிலத்தில்தான், புக்கிட் லிந்தாங்கில். பிறகு ஆசாஹானில் பெரிய அளவில் விரிந்தது. சடக்கு போடவும் வெளியிலிருந்து கல் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மேட்டை வெட்டி, சரளையைக் கொட்டி, உருளையை ஓட்டினால் முடிந்தது. வெட்டவும் கொட்டவும் செய்தவர்கள் யார் என்று இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்படிக் காய்ந்து இறுகிய சடக்கு நனைந்ததும் ஏன் சோப்பாகிறது? கல்லாகிவிட்டது திரும்பாது என்றேனே. திரும்பாதது சரளைதான். அதைப் பிணைத்திருக்கும் களிமண் வேறு. லோரிச் சக்கரம் நாள்தோறும் சரளையை நசுக்கி உண்டாக்கும் பொடியும் அதோடு சேர்கிறது. களிமண் துகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் சிறிய தட்டு. இரண்டு தட்டுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அந்தக் குழம்பு டயரின் பள்ளங்களை நிரப்பிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் வழுக்கை டயர்தான்.

நல்ல செய்தி, இது மேல்தோலோடு நின்றுவிடும். தமிழ்நாட்டுக் கரிசல் அப்படியில்லை. அதிலுள்ள களிமண் தன் தட்டுகளுக்கு உள்ளேயே தண்ணீரை இழுத்து வீங்கும். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கும். செம்மண்ணில் இருப்பது பெரும்பாலும் கயோலினைட். வீங்காத களிமண். அதனால் விரல் கனத்துக்குக் கீழே கெட்டித் தளம் அப்படியே இருக்கும். தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று மணி நேரம் நல்ல வெயில் அடித்தால் சடக்கு தானாகவே தேறிவிடும், வடிய வழி இருந்தால். அந்தப் பெரியவர் முதலில் கால்வாயைப் பார்த்தது இதற்காகத்தான். தோட்டத்துச் சடக்கின் நடுமுதுகை மேடாக வைப்பதும், இரண்டு ஓரமும் வாய்க்கால் வெட்டுவதும் அழகுக்காக இல்லை.

அடுத்தது காற்று. கூடாரம், தண்ணீர், அடுப்பு, ஆட்கள் எல்லாம் சேர்த்து வண்டி 3 டன் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 750 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ தாங்கும். 750-ஐ இரண்டரையால் வகுத்தால் 300. அதாவது டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 300 சதுர சென்டிமீட்டர், மூடிவைத்த சின்னப் பயிற்சிப் புத்தகம் அளவு. காற்றைப் பாதியாக இறக்கினால் அந்தப் புத்தகம் திறந்துகொள்ளும். எடை அதேதான், ஏந்தும் இடம் இரட்டிப்பு. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் சுமப்பதால் கணக்கு அச்சாக வராது. ஆனால் போக்கு இதுதான். தொடும் இடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும். தளர்ந்த ரப்பர், சேற்றுக்குள் துருத்தும் சரளையைக் கவ்விப் பிடிக்கும். பிடித்தது. வண்டி முனகாமல் மேலேறியது.

கவ்விய அந்தப் பொருளுக்கும் இந்த மண்ணோடு உறவு உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். செயற்கை ரப்பர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், கனரக லோரி டயரிலும் விமான டயரிலும் மரத்துப் பாலுக்குத்தான் பெரும் பங்கு. மடங்கி நிமிர்வதில் அது குறைவாகச் சூடாகும், எளிதில் கிழியாது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. காற்றிறக்கிய டயரோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி நிமிர்ந்து, சூடேறி, வெடிக்கக்கூடும். தார் சடக்கைத் தொடும் முன் காற்றடித்தே ஆகவேண்டும். பெரியவர் இதையும் சொன்னார். "மறந்துறாதீங்க" என்று இரண்டு முறை.

மறுநாள் காய்ந்த சடக்கில் திரும்பும்போது வேறொரு தொல்லை. தட்டி எடுத்த தகரம் போல, குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம். பல் கிடுகிடுத்தது. ஸ்பிரிங்கும் எடையும்தான் இப்படிச் செய்கிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நிக்கோலா தபெர்லே, ஸ்டீஃபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் மூவரும் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி ஒரே ஒரு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் அலை வருகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் போகும் எந்தச் சக்கரமும், சின்ன மேட்டில் ஏறித் துள்ளி விழும் இடத்தில் அடுத்த பள்ளத்தைத் தோண்டுகிறது. அந்த வேகம் சாதாரணக் காருக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் வாக்கில்தான். அந்த வேகத்தில் போனால் பழக்குலை ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். ஆகவே அலை இருக்கும், உருளையும் வரும்.

ஜாசினில் எண்ணெய் நிலையத்தில் காற்றடித்துவிட்டு வண்டியைக் கழுவினோம். சேறு போய்விட்டது. சிவப்பு போகவில்லை. என் வெள்ளைக் காலுறையிலும் கணுக்கால்வரை அதே சிவப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் போன காலத்தில் இது தினப்படி வழக்கு. பக்கத்து வீட்டில் குளோரோக்ஸில் ஊறவைப்பார்கள். கறை அப்படியே இருக்கும். வெளுப்பான், கறையை ஆக்சிஜனேற்றம் செய்து நிறத்தை அழிக்கிறது. ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்துபோன துருவிடம் அதற்கு வேலையில்லை. அம்மா எலுமிச்சை மூடியைத் தேய்த்து வெயிலில் போடுவார். எலுமிச்சையிலுள்ள அமிலம் இரும்பை நண்டுக் கொடுக்கு மாதிரி பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முழுதும் போகாது. இளஞ்சிவப்பாக ஒரு வளையம் மிச்சமிருக்கும். சப்பாத்துக்குள் மறைந்துவிடும் என்பார் அம்மா.