நாலு வயசுக்கு ஒரு கட்-ஆஃப்

மேசைமேல் சில சின்னக் கட்டைகள். சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதிப் பாதி. எதிரே இருக்கிற ஆன்ட்டி ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி அடுக்கு என்கிறார். கையில் ஸ்டாப்வாட்ச். அடுக்க வேண்டியவருக்கு வயது நாலு. பெற்றோர் கதவுக்கு வெளியே.

டேவிட் வெக்ஸ்லர் 1967-ல் சிறு பிள்ளைகளுக்காக வெளியிட்ட ஐக்யூ டெஸ்டில் வரும் கட்டைகள் இவை. நியூயார்க்கின் பெரிய தனியார் பள்ளிகள் பல ஆண்டுகள் இதை வைத்துத்தான் வடிகட்டின. இந்தியாவில் இப்படிச் செய்தால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். நம் ஊரில் "சும்மா ஒரு இன்டராக்‌ஷன்" என்று கூப்பிடுகிறார்களே, அந்த நாசூக்குக்குக் காரணம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஸ்கோர் எப்படி வருகிறது? நிதானமாகப் பார்ப்போம், டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. டெஸ்டைத் தயாரிக்கும்போதே நாடு முழுக்கப் பல தரப்புக் குழந்தைகளை உட்காரவைத்துப் பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் எடுத்ததுதான் அளவுகோல். பிறகு வருகிற குழந்தை 97-வது பெர்சென்டைல் என்றால், நூற்றுக்கு 97 சரியாகச் செய்தது என்று பொருளல்ல; அந்த வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 97 பேரை எட்டியோ தாண்டியோ நிற்கிறது என்று பொருள். அந்த வயது என்பதும் மூன்று மாத வித்தியாசத்துக்குள்தான். நாலு வயசில் மூன்று மாதம் லேசுப்பட்டதில்லை. தீபாவளிக்குச் சட்டைப் பட்டன் போடத் தெரியாத பிள்ளை பொங்கலுக்குத் தானே போட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த ஏற்பாடு முழுவதும் நிற்பது ஒரே நிபந்தனையின் மேல். அளவுகோலாக உட்கார்ந்த குழந்தைகள் அந்தக் கட்டைகளை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார்கள். நம் குழந்தையும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். வீட்டில் அதே மாதிரிக் கட்டை வாங்கிவைத்து, வாரம் ஒரு டியூட்டர் வந்து பழக்கிய பிள்ளையின் ஸ்கோர் பொய் என்று சொல்ல முடியாது. அது வேறொன்றைச் சொல்கிறது, அவ்வளவுதான். கண் டாக்டரிடம் போகுமுன் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்தவருக்கு என்ன பவர் எழுதிக் கொடுப்பது?

நியூயார்க்கின் அரசுப் பள்ளிகளில் இப்படிப் பழக்குவது ஊரறிய நடந்தது. மேல்நிலைத் திறனுள்ள குழந்தைகளுக்கான வகுப்புகளுக்கு 2008-லிருந்து நகரம் முழுக்க ஒரே டெஸ்ட், ஒரே கட்-ஆஃப்: வட்டார வகுப்புக்கு 90, நகரத்துக்கே பொதுவான ஐந்து பள்ளிகளுக்கு 97. எல்லாருக்கும் ஒரே கோடு என்றால் நியாயம் என்றுதான் தோன்றும். 2012-ல் கிட்டத்தட்ட 5,000 குழந்தைகள் தகுதி பெற்றார்கள், நாலு வருஷத்துக்கு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நகரத்துப் பிள்ளைகளுக்கு நாலே வருஷத்தில் அவ்வளவு மூளை முளைத்திருக்காது. அந்த ஐந்து பள்ளிகளிலும் இருந்தவை சில நூறு இடங்கள்; 97 எடுத்தும் பலருக்குக் கிடைக்கவில்லை.

டெஸ்டின் ஒரு பகுதியை மாற்றிப் பார்த்தார்கள். பேச்சில்லாமல் வடிவங்களை மட்டும் வைத்துக் கேட்கும் நாக்லியரி டெஸ்ட் வந்தது. அதற்கும் பயிற்சிப் புத்தகம் வராமலா இருக்கும்? அந்த முதல் வருஷமே, 2013-ல், இன்னொரு கூத்து. மதிப்பெண் போட்ட பியர்சன் நிறுவனம் குழந்தைகளின் வயதை வருஷம், மாதம் வரைக்கும் கணக்கிட்டு, நாட்களை விட்டுவிட்டது. வேறு சில கணக்குப் பிழைகளும் சேர, கிட்டத்தட்ட 4,700 பேரின் முடிவு தப்பாகப் போனது. பெற்றோர் சிலர் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்துக் கேள்வி கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விட்டுப்போனது சில நாள் கணக்கு. ஆனால் 96-க்கும் 97-க்கும் நடுவில் பள்ளிக்கூடமே மாறும்போது, சில நாளும் பெரிதுதான்.

இத்தனைக்கும், 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே இந்த வகை டெஸ்டைத் தொடங்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு தனிக் கவனம் கொடுக்கத்தான். அந்த வேலைக்கு இன்றும் இது நல்ல கருவி. ஒரு பிள்ளைக்குச் சொல் வருகிறது, கை வேலை வரவில்லை என்றால், உளவியலாளர் ஸ்கோரோடு வேறு பலதையும் சேர்த்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஒரு வருஷம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார். அட்மிஷனுக்கு அந்தப் பொறுமை ஏது? நாலு வயசு ஸ்கோர் எட்டு வயசில் பல பேருக்கு இடம் மாறிவிடும், இரண்டு பக்கமும்.

நியூயார்க் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு 2013-ல் அந்தக் கட்டை டெஸ்டைக் கைகழுவியது. அரசுப் பள்ளி டெஸ்டுக்கான ஒப்பந்தத்தை நகரக் கல்விக் குழு 2021 ஜனவரியில் ஏற்க மறுத்தது. அதன்பின் பாலர் பள்ளி ஆசிரியர் பரிந்துரை, பரிந்துரை பெற்றவர்களுக்குள் குலுக்கல் என்று ஆனது. ஆசிரியருக்கும் விருப்பு வெறுப்பு உண்டுதான். இருந்தாலும் மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தவர் அவர். ஸ்டாப்வாட்ச்சை விட அவர் சொல்வதற்கே என் ஓட்டு. குலுக்கலை மட்டும் பெற்றோர்கள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.