ஏரி மீன் கருவாடு: தரமும் சுவையும்

பங்குனி, சித்திரை மாதங்களில் ஏரி நீர் வற்றும்போது, ஆண்டு முழுவதும் வளர்ந்த மீன் அனைத்தும் ஓரிரு வாரங்களில் கரையேறிவிடுகிறது. அக்கம்பக்கத்து ஊர்களிலும் அதே சமயம் மீன்பிடிப்பு நடப்பதால் விலை சரிகின்றது. விலை சரிந்தால் மறுமுறை மீன்பாசி ஏலத்தில் தொகை குறையும். பஞ்சாயத்தின் வருமானமும் குறையும். எஞ்சிய மீனைக் கருவாடாக்கினால் ஈடுகட்டலாமே என்று எண்ணுவது இயல்பு. ஆயின், "சேற்று நாற்றம் அடிக்கிறது" என்று கூறி வாங்குவோர் ஏரிக் கருவாட்டை ஒதுக்கிவிடுகின்றனர். இக்குறை பெரும்பாலும் நீக்கக்கூடியதே.

இவ்வாடைக்குச் சேறே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் நீரிலும் அடிமண்ணிலும் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் முதலிய பொருள்களே அதனைத் தருகின்றன. கோடையின் முதல் மழையில் எழும் மண்வாசனையிலும் இந்த ஜியோஸ்மின் உண்டு. மழையில் மகிழ்ச்சி தரும் அவ்வாசனை, மீன் குழம்பில் வெறுக்கப்படுவது விந்தையே! அது செவுள் வழியாக உடலுட் சென்று கொழுப்பில் தங்கிவிடுவதால், அறுத்தபின் எத்தனை முறை கழுவினும் முற்றிலும் போகாது. மீன் உயிருடன் இருக்கும்போதே, இரையிடாமல், தெளிந்த கிணற்று நீர் மாறிக்கொண்டிருக்கும் தொட்டியில் சில நாட்கள் விட்டுவைத்தால் வாடை சிறிது சிறிதாக வெளியேறும். வாடை மிகுந்திருப்பின் ஒரு வாரத்திற்கு மேலும் ஆகலாம். பண்ணைக் குட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது இயலும். பெரிய ஏரியில் இயலாதாகையால், நீர் வற்றிப் பச்சை பூக்குமுன்பே மீன்பிடிப்பைத் தொடங்குவது நலம். புளிக்கரைசலில் மீனைக் கழுவும் நம் வீட்டுப் பெண்டிரின் வழக்கமும் பொருளற்றதன்று. புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைக்க வல்லது.

பிடித்த மீனை வெயிலில் குவித்து வைத்து, விற்காமல் போனதை மாலையில் உப்பிடுவது நம் ஊர்களில் பரவலாகக் காணும் தவறு. கெடத் தொடங்கிய மீனை உப்பு திருத்தாது. எனவே, கருவாட்டுக்கென மீனைக் காலையிலேயே பிரித்தெடுத்து, நொறுக்கிய ஐஸை மீனின் எடைக்குச் சமமாக இட்டு வைக்கவேண்டும். குடல், செவுள், வயிற்றினுள் படிந்துள்ள கருஞ்சவ்வு ஆகியவற்றை நீக்கிக் கழுவுதல் அவசியம்.

கொழுப்புக் குறைந்த விரால் கருவாட்டுக்கு மிகவும் ஏற்றது. கட்லா போன்ற பெருமீன்களின் வயிற்றுச் சதையில் கொழுப்பு மிகுதி; அது காற்றும் ஒளியும் பட்டு மஞ்சளித்து, சிக்கு வாடை கொள்ளும். அப்பகுதியை அரிந்தெடுத்துப் பச்சையாகவே விற்றுவிடலாம்.

பெருமீனை முதுகுப்புறமாகப் பிளந்து, 4 பங்கு மீனுக்கு 1 பங்கு உப்பு வீதம் தடவி, தொட்டியில் அடுக்கிப் பாரம் வைத்து ஒரு நாள் விடவேண்டும். மலிவாகக் கிடைக்கும் அழுக்கு உப்பு இறுதியில் நஷ்டமே தரும். அதிலுள்ள மக்னீசிய உப்புகள் கசப்பூட்டுவதோடு ஈரத்தையும் இழுக்கும். உப்பில் வாழும் சிலவகை நுண்ணுயிர்களால் கருவாட்டில் செந்நிறப் படலமும் படரும். ஒருமுறை பயன்படுத்திய உப்பை மீண்டும் இடலாகாது.

மணலில் பரப்பிக் காயவைத்தால் கடிக்கும்போது மணல் நெறுநெறுக்கும். யார் இரண்டாம் முறை வாங்குவார்? தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் கம்பும் வலையும் கொண்டு பரண் அமைத்தால், மேலும் கீழும் காற்றோடி விரைவில் உலரும். சித்திரை வெயில் கடுமையானது. உச்சிப் பொழுதில் நிழலிடாவிடின், மேற்புறம் ஓடுபோல் இறுகி, உள்ளே ஈரம் தங்கிப் புளித்துவிடும். ஈ மொய்ப்பதைத் தடுக்கக் கொசுவலைத் துணி போதும். பூச்சிமருந்து தெளிப்போர் சிலர் உண்டு. அது உண்பவருக்கு நஞ்சிடுவதாகும்.

கொச்சியில் 1957-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சூரிய வெப்பத்தால் இயங்கும் மூடிய உலர்த்திகளை வடிவமைத்துள்ளது. தனியொருவர் வாங்க இயலாவிடின், ஏரிக்கரையில் ஒரு பொதுப் பரணையும் நிழற்கூரையையும் பஞ்சாயத்தே அமைத்து, மகளிர் குழுவினரிடம் ஒப்படைக்கலாம். அடுத்த ஏலம் வருமுன் இதனைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் விவாதிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.