சாவிக்குள் ஒரு கம்பிச்சுருள்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலை முந்தலைத் தாண்டியதும் மலை ஏறுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அங்கே, பனிமூட்டத்தில் ஒரு புதிய கார் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல்கிறது. எஞ்சின் மட்டும் ஓடவில்லை. முகப்பில் சாவி வடிவ விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. பக்கத்தில் நின்ற ஏலத்தோட்டத்துப் பழைய ஜீப்போ உடனே கிளம்பிப் போய்விடுகிறது! காரணம் என்ன?

பழைய ஜீப்பின் சாவி வெறும் சுவிட்சைத்தான் திருப்புகிறது. புதிய காரின் சாவி, ஓர் அடையாளச் சீட்டும் ஆகும். அதன் தலைப்பகுதியில் நுண்ணிய கம்பிச்சுருளும் ஒரு சில்லும் உள்ளன. சாவித் துளையைச் சுற்றி இன்னொரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் வினாடிக்குச் சுமார் 1,25,000 சுற்றுகள் அதிர்வெண் கொண்ட மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் மாறும் காந்தப்புலம், சாவியிலுள்ள சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. சில்லு இயங்க இந்த மின்சாரமே போதும், மின்கலம் தேவையில்லை. சில்லு தன் ரகசியக் குறியீட்டைக் கொண்டு பதில் அனுப்புகிறது. அது பொருந்தினால்தான் காரின் கணினி எஞ்சினை ஓடவிடும். திருட்டைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டின் பெயர் இம்மொபிலைசர். பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் இது கட்டாயம்.

தத்துவம் தெரிந்தால் குறையைத் தேடுவது எளிது அல்லவா? சாவி வளையத்தில் வேறு கார்ச் சாவியோ உலோகப் பொருளோ இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் காந்தப்புலத்தைக் குலைக்கும்; இரண்டாவது சில்லும் குறுக்கே பதில் சொல்லும். அடுத்து, மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். கார் கிளம்பினால் குறை முதல் சாவியில். இரண்டுக்கும் கிளம்பாவிட்டால் காரின் சுருள், இணைப்புக் கம்பிகள், பேட்டரி ஆகியவற்றை மெக்கானிக் சோதிக்க வேண்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவியின் மின்கலம் தீர்ந்துவிட்டால், சாவியைப் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் பல கார்கள் கிளம்பும். அங்கும் கைகொடுப்பது மின்காந்தத் தூண்டலே!

"சரிவில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். பேட்டரி தளர்ந்த பழைய ஜீப்புக்கு அது பலித்திருக்கலாம். இங்கே சில்லின் பதில் கிடைக்காதவரை, எவ்வளவு உருட்டினாலும் கணினி எஞ்சினை ஓடவிடாது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தொடர்ந்து கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாக இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். அந்த நிலையில் 17 வளைவுகளில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. ஆகவே, சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்துவிட்டு, சாவியைச் சோதியுங்கள்!