சுகர் மாத்திரை கடையில் இல்லையா? அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள்



எங்கள் அறக்கட்டளையிடம் மருத்துவ உதவி கேட்டு வருவோரில் நீரிழிவு உள்ளவர்கள் அதிகம். அண்மைக் காலமாக அவர்களில் சிலர் பணத்துக்காக வருவதில்லை. "டாக்டர் எழுதிய மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர், சரக்கு வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று 12 நாட்களாக மாத்திரையே போடாமல் இருந்தார். அதற்குள் அவர் காலில் இருந்த சிறு புண் பெரிதாகிவிட்டது. அவருக்கு வேண்டிய இரண்டு மருந்துகளும் அதே கடையில் தனித்தனி மாத்திரைகளாக இருந்தன. இது மற்றவர்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒரு பெயர், இரண்டு மருந்து

இன்று பலரும் சாப்பிடுவது காம்பினேஷன் மாத்திரை. அதாவது ஒரே மாத்திரைக்குள் இரண்டு அல்லது மூன்று மருந்துகள். அட்டையின் முன்புறம் பெரிதாக இருப்பது நிறுவனம் வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்பது ஒரு வகை. வில்டாகிளிப்டின் 50, மெட்ஃபார்மின் 500 என்பது மற்றொன்று. சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது இன்னொன்று.

கடையில் தீர்ந்துபோவது பெரும்பாலும் அந்தக் கம்பெனிப் பெயர்தான், மருந்து அல்ல. வில்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் 2019 இறுதியிலும், சிட்டாகிளிப்டினுடையது 2022இலும் முடிந்தன. அதன்பின் பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. மெட்ஃபார்மின் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கும் மருந்து.

மாற்றுவது மருத்துவர் கையில்

"இல்லையென்றால் வேறு கம்பெனி கொடுங்கள்" என்று கடைக்காரரை வற்புறுத்தாதீர்கள். சீட்டில் எழுதியதற்குப் பதிலாக, அதே மருந்தாக இருந்தாலும், வேறு தயாரிப்பைத் தானாகத் தருவதற்குச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. மருத்துவரிடம் சென்று, கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி கேளுங்கள். சேர்ந்த மாத்திரை கிடைக்காவிட்டால் தனித்தனியாக எப்படிச் சாப்பிடுவது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி அட்டையைப் பிரிக்கும் அன்றே இதைச் செய்தால், சில நாள் அவகாசம் கிடைக்கும்.

தனித்தனியாக வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அளவு. பெயரின் பின்னால் வரும் 1, 2 என்ற எண்ணும் 'ஃபோர்ட்' என்ற சொல்லும் அலங்காரம் அல்ல, அளவைக் குறிப்பவை. 1க்குப் பதில் 2 வாங்கினால் கிளிமிபிரைடு இரட்டிப்பாகிவிடும்.

இரண்டு, இரட்டை மருந்து. தனி மெட்ஃபார்மினுக்கு மாறிய பிறகு பழைய காம்பினேஷன் மாத்திரை மீண்டும் கிடைத்தால், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

மூன்று, 'எஸ்.ஆர்.' என்று போட்ட மாத்திரை. அது வயிற்றுக்குள் மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

செய்யக் கூடாதவை

மாத்திரை நாள்பட வர வேண்டும் என்று பாதியாக உடைத்துப் போடாதீர்கள். அண்ணனுக்கும் சுகர்தானே என்று அவர் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து ஒரே வேளையில் இரண்டு போடாதீர்கள். கிளிமிபிரைடு அளவு கூடினாலோ, அதைப் போட்டுவிட்டு உணவைத் தவிர்த்தாலோ சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மீண்டும் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருந்து விட்டுப்போன நாட்களில் அதிக தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பேனாவிலிருந்து குப்பிக்கு மாறுவோர்

30/70 என்ற கலப்பு இன்சுலினும் ஒரு காம்பினேஷன்தான். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் கிடைக்காமல் குப்பிக்கு மாறுவோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜில் 1 மி.லி.க்கு 100 யூனிட். நம் நாட்டில் இந்தக் குப்பிகளில் பெரும்பாலும் 40 யூனிட். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் கிடைப்பது 8 யூனிட்தான். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

எங்கே கேட்கலாம்?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மூலப்பெயர் எழுதிய சீட்டு இருந்தால் அங்கே வேலை எளிது.

தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதும் ஆறு மாத மாத்திரையை வாங்கி அடுக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு வாங்கினால் போதும். பதுக்குவது வியாபாரிக்கு மட்டும் தடுக்கப்பட்டதல்ல. நம் வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும்.

அட்டையைப் படிக்க இயலாதவர்கள் காலி அட்டையையும் மருத்துவச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். மருந்தின் பெயர்களையும் அளவையும் தமிழில் ஒரு சிறு அட்டையில் எழுதித் தருகிறோம். அதைச் சட்டைப் பையிலோ பர்ஸிலோ வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் பணம் தடையாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்வோம். மாத்திரை கிடைக்கவில்லை என்று ஒரு நாள்கூடச் சும்மா இருந்துவிடாதீர்கள்.