மரவள்ளிக்கு ஒரு காவல்காரி!

திருத்தணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மொட்டைத் தலை, சந்தனம், 365 படி, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது, 'அடுத்த தடவை வேன்லயே மேல போயிடலாம்டா' என்று நண்பனிடம் சொன்னது... சரிதானே? சூரனோடு போட்ட சண்டையின் சூடு தணிந்து முருகன் வந்து உட்கார்ந்த இடம் இது, வள்ளியைக் கைப்பிடித்த இடமும் இதுதான் என்கிறது தலபுராணம்.

அந்த வள்ளியம்மை கல்யாணத்துக்கு முன்னால் என்ன உத்தியோகம் பார்த்தாள் என்று யோசித்ததுண்டா? பயிர்ப் பாதுகாப்பு, ஸார்! வேலூர்ப் பக்கம் வள்ளிமலையில் பரண் மேல் உட்கார்ந்து, கையில் கவண், வாயில் 'ஆலோலம்'. தினைப்புனத்துக்கு வருகிற கிளியை விரட்டுவதுதான் ட்யூட்டி. சம்பளம், பஞ்சப்படி எதுவும் கிடையாது. ஆனால், அந்த வேலையில் இருந்ததால்தான் மாப்பிள்ளை தேடி வந்தார்.

கிளியாவது பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும், கல்லுக்குப் பயப்படும். இன்றைக்கு நம் மலைக்காட்டு விவசாயிக்கு வாய்த்திருக்கிற எதிரி 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. உடம்பெல்லாம் வெள்ளை மாவு. அது மாவு இல்லை, மெழுகு. கவண் கல்லை விடுங்கள், அடிக்கிற மருந்தே அதன்மேல் சரியாக ஒட்டாது.

பெயர் மாவுப்பூச்சி. பார்க்க வேண்டுமானால் கொல்லிமலைக்குப் போக வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி பைக் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வளைவுகளில் ஏறினால் மேலே ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு என்றுதான் சரிவுகள் இருந்தன. வள்ளி காவல் காத்த அதே மாதிரிப் புனம்! இன்றைக்குப் பல சரிவுகளில் மரவள்ளி நிற்கிறது. சேலம் ஜில்லாவில் 'குச்சிக்கிழங்கு' என்பார்கள். காரணம், மலைக்குக் கீழே சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள். சாமை விளைந்தால் வீட்டுப் பானைக்கு. மரவள்ளி விளைந்தால் லாரிக்கு. பையனுக்கு காலேஜ் ஃபீஸ், பெண்ணுக்குத் தோடு எல்லாம் அந்த லாரியில்தான் வர வேண்டும். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

(பெயரில் வள்ளி இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில்தான் நம்பிராஜன் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தான் என்பது கதை. அந்தக் குழியில் மரவள்ளி இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இது தென் அமெரிக்கச் சரக்கு, போர்ச்சுகீசியர் உபயம்.)

கிழங்கு எந்த ஊரிலிருந்து வந்ததோ, அதே ஊர்ப் பூச்சியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரலில், நாமெல்லாம் லாக்டவுனில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு மட்டும் இ-பாஸ் தேவைப்படவில்லை. சீக்கிரமே தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

இந்த மாவுப்பூச்சியின் குடும்ப விவகாரம் கொஞ்சம் விசித்திரமானது. இதில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண். ஜாதகம் பார்த்து, வரன் தேடி என்று நேரம் வீணாக்காமல் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு நானூறு, ஐந்நூறு முட்டை இடும். செடியின் கொழுந்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலை சுருண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, உச்சி கொத்தாகக் குறுகிவிடும். மேலே இலை இல்லாவிட்டால் கீழே கிழங்கு ஏது? ஆப்பிரிக்காவில் 80 சதவிகிதம் வரை விளைச்சல் போன இடங்கள் உண்டு. மரவள்ளிக்கு விதை என்பது குச்சிதான். பக்கத்து ஊர்க்காரரிடம் கரணை வாங்கி வந்தால் பூச்சியும் இலவச இணைப்பாக வந்துவிடும்.

'ஏனுங்ணா, போன தடவை குடுத்த மருந்து கேக்கலீங்க. இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க!'

மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கேட்கிற குரல்தான் இது. ஸ்ட்ராங்காக அடித்தால் என்ன ஆகும்? மெழுகுச் சட்டை போட்ட மாவுப்பூச்சியில் பாதி பிழைத்துக்கொள்ளும். சட்டை இல்லாத பொறிவண்டு, குளவி, சிலந்தி எல்லாம் செத்து விழும். திருடன் தப்பித்துவிட, போலீஸ்காரர் மட்டும் மாட்டிக்கொண்ட கதை.

இந்தத் திருடனுக்கு ஒரு பிரத்யேக போலீஸ் உண்டு. பெயர் அனகைரஸ் லோபெசி. எறும்பைவிடச் சின்னக் குளவி. நம்மையெல்லாம் கொட்டத் தெரியாது. பெண் குளவி மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து, ஊசி மாதிரி உறுப்பால் குத்தி, அதன் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளே இருந்துகொண்டே வீட்டுக்காரரைச் சாப்பிடும். வாடகையும் தராமல் வீட்டையும் தின்கிற குடித்தனக்காரர்! பூச்சி உப்பி, பழுப்பாகி, கூடாகிவிடும். சில நாள் கழித்துக் கூட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். போதாததற்கு, முட்டை வைக்காத நேரத்தில் சும்மா குத்தி ரத்தம் குடிக்கிற பழக்கமும் தாய்க் குளவிக்கு உண்டு.

இதைக் கண்டுபிடித்த கதையே ஒரு சினிமா. 1970களில் இந்த மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அங்கே மரவள்ளி என்பது ஜவ்வரிசி இல்லை, சோறு. கோடிக்கணக்கான ஏழைகளின் மூணு வேளைச் சாப்பாடு. நைஜீரியாவில் இபாடானில் இருக்கிற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற ஸ்விட்சர்லாந்து இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். பூச்சியின் சொந்த ஊரில் அதன் எதிரியும் இருந்தாக வேண்டும் என்பது கணக்கு. தென் அமெரிக்காவின் வடக்கே தேடினார்கள். மாவுப்பூச்சியும் கிடைத்தது, அதைத் தின்கிற குளவியும் கிடைத்தது. ஆனால், அந்தக் குளவி ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவே இல்லை! அப்புறம்தான் தெரிந்தது, பிடித்தது அசல் ஆள் இல்லை, அச்சு அசலான ஒன்றுவிட்ட தம்பி. அசல் பூச்சி 1981-ல் தெற்கே பராகுவேயில் கிடைத்தது. டோனி பெலோட்டி என்ற நிபுணரின் கண்ணில் பட்டது. அதோடு நமது குளவியும் அகப்பட்டது. வளர்த்தார்கள், விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். கிட்டத்தட்ட 30 நாடுகளில் மரவள்ளி பிழைத்தது. 2 கோடி உயிர்கள் தப்பின என்று ஒரு மதிப்பீடு. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு.

அந்த வம்சத்துக் குளவியைத்தான் 2021-ல் பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்து விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். வந்த உடனே திறந்துவிட்டுவிடவில்லை. தனிமைக் காவலில் வைத்து, நமது ஊர் நல்ல பூச்சிகளை ஏதாவது செய்கிறதா என்று சோதித்த பிறகுதான் அனுமதி. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வயலுக்குள் விட்டார்கள்.

சோதனை ஏன் முக்கியம் என்று கேட்டால் ஆஸ்திரேலியாக்காரரிடம் கேளுங்கள். 1935-ல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து நூறு தேரை இறக்கினார்கள். தேரை வண்டை லட்சியமே பண்ணவில்லை. கண்டதையும் தின்று கோடிக்கணக்கில் பெருகிவிட்டது. இன்னும் திண்டாடுகிறார்கள். எல்லாவற்றையும் தின்கிறவன் காவலுக்கு லாயக்கில்லை. ஒன்றே ஒன்றைத் தின்கிற பிடிவாதக்காரன்தான் வேண்டும்.

இந்த வித்தைக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு ஆபீஸ் தில்லுமுல்லு என்பது உங்களில் பலருக்கு ஆறுதலாக இருக்கும். 1888. கலிஃபோர்னியாவில் ஆஸ்திரேலியச் செதில் பூச்சி வந்து ஆரஞ்சுத் தோட்டங்கள் பட்டுக்கொண்டிருந்தன. எதிரியைத் தேடி ஆஸ்திரேலியா போக வேண்டும். ஆனால், பூச்சி இலாகாக்காரர்கள் வெளிநாடு போகக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது! என்ன செய்தார்கள்? மெல்போர்னில் நடந்த பொருட்காட்சிக்குப் போகிற கோஷ்டியின் செலவில் ஆல்பர்ட் கோபெல் என்பவரைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் பொருட்காட்சி பார்த்தாரோ இல்லையோ, சிவப்புப் பொறிவண்டுகளைப் பிடித்து அனுப்பினார். மொத்தம் 500 சொச்சம். ஒரு வருஷத்தில் தோட்டங்கள் தெளிந்துவிட்டன. விவசாயிகள் கோபெலுக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரத் தோடும் கொடுத்தார்கள். டி.ஏ. பில் போட்டவர்களில் இந்த அளவுக்கு மரியாதை வாங்கியவர் வேறு யாருமில்லை.

அதே செதில் பூச்சி 1920களின் கடைசியில் நம் நீலகிரிக்கும் வந்து வாட்டில் மரங்களைப் பிடித்தது. அதே பொறிவண்டை வரவழைத்து அடக்கினார்கள். ஆக, மலைக்கு இது புதுசு இல்லை.

ஊட்டி முட்டைக்கோஸிலும் இதே வழக்குதான். வைரமுதுகு அந்துப்பூச்சி என்று ஒன்று. பெயர் நகைக்கடை மாதிரி இருக்கும். புழு கோஸைச் சல்லடையாக்கிவிடும். எந்த மருந்தையும் ஜீரணிக்கப் பழகிக்கொள்வதில் இது உலக சாம்பியன். 1953-லேயே இந்தோனேஷிய மலையில் டி.டி.டி.க்கு மசியாத ஆள். இதற்கு டயடெக்மா என்ற குளவியை நீலகிரியில் விட்டார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஏ.ஸி. வேண்டும்! குளிர்ந்த மலையில்தான் ஜோராக வேலை செய்யும். சமவெளி வெயிலில் விட்டால் சுருண்டுவிடும்.

சமவெளிக்கு வேறு ஆள் இருக்கிறார். திருத்தணி, திருவாலங்காடு பக்கம் கரும்புக் காடுகள் உண்டே, அந்தப் பயிரின் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா. குண்டூசித் தலையைவிடச் சின்னக் குளவி. புழு வரும்வரை காத்திருக்காது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். ஆபீஸ் ஐ.டி. கார்டு மாதிரி இலைக்கு அடியில் கட்ட வேண்டியதுதான். நாலாவது மாசத்திலிருந்து 15 நாளுக்கு ஒன்று, 6 தடவை. கட்டிவிட்டு மறுநாளே மருந்தும் அடித்தால் அட்டைக் காசு தண்டம்.

கொல்லிமலைக்காரருக்கும் இதுதான் கஷ்டமான கட்டம். மருந்து அடித்தால் சாயங்காலமே நாலு பூச்சி செத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். மனசுக்குத் திருப்தி. குளவி அப்படிக் கணக்குக் காட்டாது. இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அதோடு, பூச்சியை அடியோடு அழிக்கவும் அழிக்காது. பூச்சி தீர்ந்தால் குளவிக்கும் சோறு தீர்ந்துவிடுமே! காட்டில் கொஞ்சம் வெள்ளை எப்போதும் இருக்கும். கடன் வாங்கிக் கரணை நட்டவரிடம் 'கொஞ்சம் பூச்சி இருக்கட்டும்' என்று சொல்வது லேசான காரியமில்லை.

போலீஸ் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே சில பூச்சி மட்டும் பழுப்பாக, உப்பி, அசையாமல் ஒட்டியிருக்கும். ஓட்டை இருந்தால் ஆள் வெளியே கிளம்பியாகிவிட்டது. ஓட்டை இல்லாவிட்டால் அந்தக் கொழுந்தைக் கிள்ளி நெருப்பில் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஒருத்தி தயாராகிக்கொண்டிருக்கிறாள்.