மறதிநோயாளரைச் சந்தித்தல்

மறதிநோயாளரைச் சந்தித்தல் என்பது, முதுமை மறதியால் நினைவாற்றல் குன்றிய ஒருவரை உறவினரும் நண்பரும் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ சென்று கண்டு, அவருடன் பொழுது கழிப்பதைக் குறிக்கும். வந்து சென்றதே அவருக்கு நினைவிராது என்று எண்ணிச் சிலர் செல்வதைக் குறைத்துக்கொள்வதுண்டு. எனினும், நிகழ்வு மறந்த பின்னரும் அது தந்த உணர்வு எஞ்சியிருக்கக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

நினைவிழப்பின் தன்மை

முதுமை மறதிக்கு மிகப் பரவலான காரணம் ஆல்சைமர் நோய் ஆகும். செருமானிய மருத்துவர் அலோயிஸ் ஆல்சைமர் இதனை 1906 இல் விவரித்தார். புதிய நிகழ்வுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி இந்நோயில் பொதுவாகத் தொடக்கத்திலேயே பாதிப்புறுகிறது. ஆகவே காலையில் உண்ட உணவு மறந்துபோகும். சிறுவயதில் படித்த பள்ளி நினைவிருக்கும். அண்மை நினைவுகள் முன்னரும் பழைய நினைவுகள் பின்னரும் அழியும் இவ்வொழுங்கு, 1881 இல் இதனை எடுத்துரைத்த பிரான்சிய உளவியலாளர் தியோடூல் ரிபோவின் பெயரால் ரிபோவின் விதி எனப்படுகிறது.

எஞ்சும் உணர்வு

ஐக்கிய அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆல்சைமர் நோயுள்ள 17 பேருக்குத் துயரமும் மகிழ்வும் ஊட்டும் திரைப்படக் காட்சிகளைக் காட்டினர். இவ்வாய்வு 2014 இல் வெளியானது. சற்று நேரத்தில் அவர்கள் கண்டவற்றில் பெரும்பகுதியை மறந்தனர். ஆயினும் காட்சிகள் எழுப்பிய உணர்வு நீடித்தது. இதன்படி, சந்திப்பில் நிகழ்ந்த கடுஞ்சொல் மறந்தாலும் கலக்கம் நிற்கலாம்; அன்பான உரையாடல் மறந்தாலும் அமைதி நிற்கலாம்.

பயன்தரும் முறைகள்

* அறிமுகம்: "நான் யார், தெரிகிறதா?" என்று கேட்பது நோயாளரைத் தேர்வில் அமர்த்துவதற்கு ஒப்பாகும். "அம்மா, உங்கள் இளைய மகள் வந்திருக்கிறேன்" என்று எதிரே அமர்ந்து தாமே சொல்வது நன்று.
* சூழல்: தொலைக்காட்சியை நிறுத்துதல், மூக்குக்கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் அணிந்துள்ளாரா எனப் பார்த்தல், ஓரிருவராக மட்டும் செல்லுதல் ஆகியன குழப்பத்தைக் குறைக்கும். சிலருக்கு மாலையில் கலக்கம் மிகுவதால் முற்பகல் ஏற்றது.
* பழைய நினைவு: ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள் வலுவானவை. அக்காலத்து ஒளிப்படங்களும் பாடல்களும் பேச்சைத் தூண்டும்.
* கைவேலை: துணி மடித்தல், கீரை ஆய்தல் போன்ற பழகிய வேலைகளைச் சொற்கள் குறைந்த பின்னரும் பலரால் செய்ய இயலும்.
* திருத்தாமை: காலமான கணவர் எங்கே என்று கேட்பவரிடம் இறப்பை மீண்டும் மீண்டும் கூறினால், ஒவ்வொரு முறையும் அது புதிய இழப்பாகலாம். பொய் கூறுவதும் இங்குத் தேவையில்லை, "அவரை நினைத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டு அவரைப் பற்றிப் பேச இடமளிக்கலாம். நோயாளரின் உணர்வை இவ்வாறு ஏற்கும் அணுகுமுறையை நவோமி ஃபைல் என்பவர் வளர்த்தெடுத்தார்.

வரம்புகள்

இம்முறைகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. பழைய நினைவுகளை மீட்டும் சிகிச்சை பற்றிய 2018 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, அதன் பயன் சிறிதென்றும் சூழலுக்கேற்ப வேறுபடுகிறதென்றும் கண்டது. பழைய நினைவுகள் சிலருக்குத் துயரமும் தரும். அப்போது பேச்சை மாற்றுதல் வேண்டும். நோய் முற்றிய நிலையில் உரையாடல் இயலாதபோது, கையைப் பற்றியபடி அருகில் அமர்ந்திருப்பதும் சந்திப்பே ஆகும்.